பத்து பத்தில் நின்ற வீடு

"ஏன் ரெகுலா, உங்க வீட்டுல இப்ப மணி என்ன?"

தபால் கொண்டுவரும் எல்ஸ்பெத் ஒருமுறை வாசலில் நின்று கேட்டாள். ரெகுலா சமையலறை ஜன்னலுக்கு ஓடி, தேவாலயக் கோபுரக் கடிகாரத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். எல்ஸ்பெத் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

சிரிக்கமாட்டாளா? ஆரே ஆற்றின் இந்தக் கரையிலேயே அதிகக் கடிகாரங்கள் இருந்த வீடு அது. ரெகுலாவின் கணவர் ஊர்ஸ், ராணுவத்தில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பங்கிட்டுக் கொடுத்த அதிகாரி. ஓய்வுக்குப் பிறகு அவருக்குப் பிடித்தவை இரண்டே: சாவி கொடுக்கும் பழைய கைக்கடிகாரங்கள், ராணுவக் கைத்துப்பாக்கிகள். போர் வந்தால் ஒளிந்துகொள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் அடியில் கட்டியிருக்கும் கான்கிரீட் அறையில் மற்றவர்கள் உருளைக்கிழங்கும் ஒயினும் வைத்திருந்தார்கள். ஊர்ஸ் அதில் வெல்வெட் விரித்து இவற்றை வைத்திருந்தார்.

"குண்டு விழுந்தா நாம எங்க போறது?" என்று ரெகுலா கேட்டிருக்கிறாள்.

"ஓரமா நின்னுக்கலாம். எதையும் தொடாம."

கடிகாரம் ஒன்றுகூட ஓடாது. ஓடினால் பல்சக்கரம் தேயுமாம். எல்லா முள்ளும் பத்து பத்தில், அதாவது பத்து மணி பத்து நிமிடத்தில், நிற்கும். கடை விளம்பரத்தில் அப்படித்தான் அழகாக இருக்கிறதாம். துப்பாக்கி ஒன்றுகூட அவர் கையில் வெடித்ததில்லை. ஞாயிறுதோறும் வெள்ளைக் கையுறை மாட்டி, எண்ணெய் போட்டுத் துடைப்பார். பெற்ற மகளைக் குளிப்பாட்டியபோதுகூட ரெகுலா அந்தக் கவனத்தைப் பார்த்ததில்லை.

கல்யாணமான புதிதில் அவள் ஒரே ஒரு கடிகாரம் கேட்டாள். கட்டிக்கொள்ள.

"உன் கை பாத்திரம் கழுவுற கை. வாட்ச் தாங்காது," என்றார் ஊர்ஸ்.

அதன்பிறகு அவள் கேட்கவில்லை. ஆனால் உருளைக்கிழங்கு உரிக்கும்போது கண் தானாக இடது மணிக்கட்டுக்குப் போகும். அங்கே ஒன்றும் இருக்காது.

அந்தக் கோடையில் ஊரில் துப்பாக்கி சுடும் திருவிழா வந்தது. கைத்துப்பாக்கிப் போட்டியில் முதலாவதாக வருபவருக்கு அந்த ஆண்டுக்கென்றே செய்த கைக்கடிகாரம். ஒன்றே ஒன்று. கடையில் கிடைக்காது, காசுக்கும் கிடைக்காது. ஊர்ஸுக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை. தன்னிடம் இருப்பதிலேயே சிறந்த துப்பாக்கிக்குப் பக்கத்தில், அந்தக் கடிகாரத்தின் அளவுக்கு வெல்வெட்டில் குழிகூட வெட்டி வைத்துவிட்டார்.

போட்டியன்று ஊர்ஸ், துப்பாக்கி சுடும் சங்கத்தின் பொதுத் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு நின்றார். தன் துப்பாக்கியைச் சுட்டு அழுக்காக்க மனம் வருமா? நிற்கும் விதம், மூச்சை நிறுத்தும் விதம் எல்லாவற்றையும் பக்கத்திலிருந்தவர்களுக்கு விளக்கிவிட்டுச் சுட்டார்.

சங்கத் தலைவர் குவிரின் தூரநோக்கியில் பார்த்தார். "ஊர்ஸ், பக்கத்து ஆளு உனக்கு நன்றி சொல்லச் சொல்றான். அவன் இலக்கு அட்டையில ரெண்டு ஓட்டை அதிகமா விழுந்திருக்காம்."

ஊர்ஸ் நேரே மைதானத்து ஓரத்தில் ஸாசேஜ் சுடும் அடுப்படிக்கு வந்தார். ரெகுலா அங்கே வியர்த்து நின்றாள். அவளுடைய அப்பா இந்த மைதானத்தில் இலக்கு அட்டை மாற்றியவர். கல்யாணத்துக்கு முன் அவள் சுட்டால் ஊரே பார்க்கும்.

"ரெகுலா, நீ சுடு."

"எதை வச்சு? பொதுத் துப்பாக்கி விசை கல்லு மாதிரி இருக்கும்."

தன் சிறந்த துப்பாக்கியைத் திருவிழாக் கண்காட்சிக்காக வைத்துக் கொண்டுவந்திருந்த பெட்டியை ஊர்ஸ் பார்த்தார். இரண்டு பெண்டாட்டிக்காரன் போல விழித்தார். கடைசியில் திறந்தார்.

"கையுறை போட்டுக்க."

"போட்டா விசை தெரியாது."

"அப்ப மெதுவா சுடு."

"குண்டுல மெதுவா போற குண்டு இருக்கா?" என்றவள், துப்பாக்கியை எடுக்காமலே கேட்டாள்: "ஜெயிச்சா வாட்ச் யாருக்கு?"

"இதென்ன கேள்வி? நம்ம வீட்டுக்குத்தான்."

அவள் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு போய் நின்றாள். ஒவ்வொரு வேட்டுக்கும் ஊர்ஸ் தனக்கே ஊசி போட்டதுபோல முகத்தைச் சுளித்தார். பத்தாவது வேட்டு முடிந்ததும் குவிரின் தூரநோக்கியை இறக்காமலே, "அடேயப்பா, இத்தனை வருஷமா இந்தப் பொம்பளைய ஸாசேஜ் சுடவா விட்டோம்!" என்றார்.

கூடாரத்தில் பரிசு கொடுத்தார்கள். ஜெயித்தவர் பெயரைக் கடிகாரத்தின் பின்பக்கத்தில் அங்கேயே வெட்டிக் கொடுப்பது வழக்கம். எழுத்து வெட்டுகிறவர் உளியை எடுத்ததும் ஊர்ஸ் பாய்ந்தார்.

"பேர் வேணாம்! பேர் வெட்டினா மதிப்பே போயிடும்!"

"யாரோட மதிப்பு?" என்றார் குவிரின்.

ரெகுலா முன்னால் வந்தாள். "முழுப் பேரும் வெட்டுங்க."

வெட்டி முடியும்வரை ஊர்ஸ் கூடாரத் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பெருமூச்சு விட்டு, பரிசுப் பெட்டியைத் திறந்து நீட்டினார். "சரி, போனது போகட்டும். முள்ளையாவது பத்து பத்துல நிறுத்தி உள்ள வை."

ரெகுலா சாவி கொடுத்தாள். கோபுரத்தைப் பார்த்து நேரம் வைத்தாள். காதருகே பிடித்துக் கேட்டாள், ஓடியது. இடது மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, அழுக்குக் கண்ணாடிக் குவளைகள் குவிந்திருந்த தொட்டிக்குப் போய், நுரைத் தண்ணீரில் இரண்டு கையையும் விட்டாள்.

"ரெகுலா! தண்ணி! கீறல் விழும்!"

"விழட்டும். என் கையில விழுந்த கீறலுக்கு நீ எப்ப கத்தினே?"

எல்ஸ்பெத் இன்னொரு தட்டுக் குவளைகளோடு வந்தாள். பழைய கேள்வி நினைவிருந்ததோ என்னவோ, ஊர்ஸைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுத்தான் கேட்டாள்.

"ரெகுலா, மணி என்னடி?"

ரெகுலா நுரை வழியும் கையைத் தூக்கினாள். கோபுரம் இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

"அஞ்சாகப் போகுது. அந்தத் தட்டை இப்படி வை."

ஊர்ஸ் ஒரு கையில் காலிப் பெட்டியையும் மறு கையில் கரிமருந்து நாற்றமடிக்கும் துப்பாக்கிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டார். அடுப்படியைத் தாண்டி, மேட்டுப் பாதையில் வீட்டைப் பார்த்து நடந்தார்.