இந்தப் பக்கம் பார், டுவேன்

காலை ஒன்பது மணிக்கே, கார்களின் வேகத்தைச் சோதிக்கும் பான்வில் உப்புவெளி கண்ணைக் கூச வைத்தது. நெட்ராவின் புருஷன் ஆர்வெல், பதினொரு வருஷம் கொட்டகையில் கிடந்து தட்டித் தட்டிக் கட்டிய நீளமான காருக்குள் மல்லாந்து படுத்திருந்தான். மணிக்கு முந்நூறு மைல் தொட வேண்டும். அறுபத்து மூன்று வயதில் மற்ற ஆம்பிளைகள் மீன் பிடிக்கப் போவார்கள், இவனுக்கு வாய்த்த பைத்தியம் இது.

படம் எடுப்பது நெட்ராவின் வேலை. உப்பின் வெள்ளை எந்தக் காமிராவையும் ஏமாற்றி, ஆட்களைக் கரிக்கட்டையாக்கிவிடும். அதற்கெல்லாம் அவள் ஏமாறுகிறவள் இல்லை. ஆனால் அன்று அவளே தன் வாயால் கெட்டாள்.

காரின் வாலில் பாராசூட்டை மடித்து அடைப்பவன் ஆர்வெலின் நண்பன் டுவேன். அது வழியில் தானாக விரிந்துவிடாமல் இருக்க, சிவப்பு நாடா கட்டிய ஒரு ஊசி குத்தியிருக்கும். கிளம்பும் முன் அதை உருவ வேண்டும். உருவாவிட்டால் பாராசூட் வராது, அந்த வேகத்தில் வேறு எதுவும் காரை நிறுத்தாது. டுவேன் அதற்குத்தான் குனிந்தான்.

"டுவேன், இந்தப் பக்கம் பாரேன்! எத்தனை வருஷமா உன் முதுகையே படம் எடுக்கறது?"

"முதுகுதான் அழகுன்னு என் பொண்டாட்டியே சொல்லுவா." சிரித்துக்கொண்டே நிமிர்ந்து, சுற்றி வந்து நின்றான். நெட்ரா எடுத்தாள். அதே நேரம் ஓட்டத்தைக் கிளப்பிவிடுகிறவர் கையைக் காட்ட, பின்னாலிருந்த லாரி காரை முட்டித் தள்ளிக்கொண்டு போனது.

படம் எப்படி வந்திருக்கிறது என்று பெரிதாக்கிப் பார்த்தாள். டுவேனின் சிரிப்பு நன்றாக விழுந்திருந்தது. அவன் முழங்கைக்குப் பின்னால், காரின் வாலில் சிவப்பாக ஏதோ தொங்கியது.

"டுவேன், ஊசி எங்கே?"

அவன் சட்டைப் பையைத் தடவினான். இன்னொரு பையையும் தடவினான். இரண்டும் காலி.

"ரேடியோல சொல்லு! நிறுத்தச் சொல்லு அவனை!"

"அவன்தான் அதைக் காதுலயே மாட்டிக்க மாட்டானே, நெட்ரா! யாராவது பேசினா கவனம் சிதறுதுன்னுவான்."

"எருமை! எருமை மாடு!" என்று கத்தினாள். எருமை அதற்குள் ஒரு புள்ளியாகிவிட்டிருந்தது. கிளப்பிவிட்டவர் மீட்பு வண்டிக்குத் தகவல் சொன்னார். அதற்கு மேல் அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஒலிபெருக்கி நிதானமாகப் பேசியது. "மூணாவது மைல், இருநூத்து எழுபத்தெட்டு." வரிசையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். "நாலாவது மைல், இருநூத்துத் தொண்ணூத்து நாலு."

"மெதுவா போய்யா, உன் கால்ல விழறேன்" என்று நெட்ரா உப்பைப் பார்த்துக் கெஞ்சினாள். வருஷக்கணக்காக எந்த எண்ணுக்காக வேண்டினாளோ, அது வந்துவிடக் கூடாதே என்று இன்று வேண்டினாள்.

"அஞ்சாவது மைல், முந்நூத்து ரெண்டு!"

விஷயம் தெரியாத யாரோ அவளைக் கட்டிப் பிடித்தார்கள். "சாதிச்சுட்டான்மா உன் ஆளு!"

ஒலிபெருக்கியில் குரல் மாறியது. "பாராசூட் வரலை. திரும்பச் சொல்றேன், பாராசூட் வரலை." பிறகு, மீட்பு வண்டிக்காக அலைவரிசையை விட்டுவிடும்படி சொல்லி அதுவும் நின்றது. பாதை முடிந்தால் மூன்று மைல் வெறும் உப்பு, அதற்கப்புறம் சேறு.

நெட்ராவை ஏற்றிக்கொண்டு டுவேன் வண்டியை எடுத்தான். கார்கள் திரும்பி வரும் பக்கத்துப் பாதையில் மணிக்கு ஐம்பதைத் தாண்டினால் மறித்து நிறுத்திவிடுவார்கள், அந்த ஐம்பதிலேயே போனான். கண்ணீரைத் துடைக்கக்கூட ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. அவனை ஒரு வார்த்தை திட்ட நெட்ராவுக்கு வாய் வரவில்லை. திட்ட வேண்டிய ஆள் யாரென்று அவளுக்குத் தெரியும்.

கார் மூக்கு முழுவதும் சேற்றில் புதைந்து நின்றது. ஆர்வெல் மீட்பு வண்டியின் பின்படியில் உட்கார்ந்திருந்தான். உயிரோடு! கையில் ஒரு குவளைத் தண்ணீர் இருந்தது.

"பாராசூட் பிடியை ரெண்டு தடவை இழுத்தேன்டா. வரவே இல்ல."

"என் தப்புடா" என்றான் டுவேன். "ஊசியை மறந்துட்டேன்."

"பொய்" என்றாள் நெட்ரா. "நான்தான் படத்துக்குன்னு அவனைக் கூப்பிட்டேன்."

"என்ன?" இன்ஜின் இரைச்சலில் ஆர்வெலின் காது அடைத்திருந்தது. அத்தனை பேர் முன்னாலும் அதை அவள் மறுபடி உரக்கக் கத்த வேண்டியிருந்தது.

ஆர்வெல் அவளையே பார்த்தான். "எப்போ தெரிஞ்சுது உனக்கு?"

"நீ கிளம்பின உடனே."

"உடனேவா?" அவன் தண்ணீரைக் கீழே வைத்தான். "எனக்கு அஞ்சாவது மைல் வரைக்கும் ஒரு பயமும் இல்ல புள்ள. சந்தோஷமா பாடிக்கிட்டே போனேன். அப்போ அவ்வளவு தூரத்தையும் நீ ஒருத்தியாவா தாங்கினே?"

நெட்ரா அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.