கிறேஸின் இடது கை

"அம்மா, உங்கட மற்றக் கை என்ன செய்யுது?"

ஜென்சிக்கு அப்போது ஆறு வயது. 2001ஆம் ஆண்டு டிசம்பர், நத்தாருக்கு முந்தின ஞாயிறு. மொன்ட்ரியால்-நோரில் தமிழ்ப் பூசை நடக்கும் கத்தோலிக்கக் கோயிலில், பாடகர் குழு மூச்சு வாங்கிய சின்ன இடைவெளியில் அவள் கேட்டாள். கடைசி வாங்கில் இருந்தவர்களுக்கும் கேட்டது.

கிறேஸ் குனிந்து பார்த்தாள். வலது கை பியானோவில் இருந்தது. இடது கை இருக்கைக்குப் பக்கத்தில், வெறும் காற்றில், முன்னும் பின்னும் போய் வந்துகொண்டிருந்தது.

மன்னாரில் பன்னிரண்டு வயதிலிருந்தே அவள் கோயிலில் ஆர்மோனியம் வாசித்தவள். ஆர்மோனியத்தில் வலது கை பாடும், இடது கை துருத்தி போடும். வேறு வேலை அதற்குக் கிடையாது. கனடாவுக்கு வந்து பியானோவுக்கு முன்னால் உட்கார்ந்த பிறகும் அந்தக் கைக்கு யாரும் தகவல் சொல்லவில்லைப் போலும். இல்லாத துருத்தியை நாலு வருசமாக அது போட்டுக்கொண்டே இருந்தது.

"அது காத்தடிக்குது, பிள்ளை" என்றாள் கிறேஸ்.

"இதுக்குத்தான் காத்துத் தேவையில்லையே!"

பாடகர் குழு சிரித்தது. கோயிலை நடத்தும் பங்குச் சபையின் செயலாளர் பத்திநாதர், சிரித்தே பழக்கமில்லாத மனிதர், அவரும் செபப் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டார். கிறேஸும் சிரித்தாள். ஆனால் மகளின் கேள்வி முள்ளாய் உள்ளே தங்கிவிட்டது. அவளுக்கு வாயால் செபிக்க வராது, விரலால்தான் வரும். ஆண்டவருக்கு இவ்வளவு காலமும் பாதிச் செபம்தான் போயிருக்கிறது என்று அவள் நினைத்தாள்.

கோயிலைக் கூட்டித் துடைப்பது, மணி அடிப்பது, படியில் பனி அள்ளுவது எல்லாம் அருமைநாதனின் வேலை. புது வருசம் பிறந்ததும் கிறேஸ் அவரிடம் போனாள்.

"அண்ணை, கீழ் ஹோலிலை இருக்கிற பழைய பியானோவிலை கொஞ்ச நேரம் பழகலாமோ?"

"அது சுருதி செத்த சாமான், தங்கச்சி."

"என்ர இடது கையும் அப்பிடித்தான், அண்ணை. ரெண்டும் ஒத்துப்போகும்."

அவர் சிரித்தார். "வெளியிலை, பக்கத்துக் கதவடியிலை மாதா சுருவம் நிக்குது பாரும். அதுக்குப் பின்னாலை ஒரு பால்மா ரின். கதவின்ர திறப்பு அதுக்குள்ளை. எடுத்தால் அதே இடத்திலை வையும். நான் ஒண்டையும் காணயில்லை, நீர் ஒண்டையும் கேக்கயில்லை."

உறையவைத்த உணவுகளைப் பெட்டியில் அடுக்கும் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. இரண்டரைக்கு அது முடிந்ததும் பஸ் பிடித்து வருவாள். வெளியே மைனஸ் இருபது. உள்ளே ஹோல் இளஞ்சூடாக இருக்கும். கனடாவில் கோயில் ஹோல்கள் எல்லாம் இப்படித்தான் என்று நம்பினாள் அந்த அப்பாவி.

மூன்றாம் நாள் இருக்கையின் மூடியைத் தூக்கினாள். உள்ளே ஓரம் பழுத்த இசைத் தாள்கள் கிடந்தன. முன்பு அந்தப் பங்கில் இருந்த பிரெஞ்சுக்காரர் யாரோ விட்டுப்போனவை. மேலே ராக்டைம் என்று போட்டிருந்தது. கன்னியாஸ்திரிமாரிடம் குறிப்பு வாசிக்கப் படித்திருந்ததால், எழுத்துக் கூட்டுவதுபோல மெல்ல வாசித்துப் பார்த்தாள். வலது கையின் பகுதி கடினம். இடது கை? கீழே ஒரு சுரம், பிறகு நடுவில் ஒரு கொத்து. திரும்பவும் கீழே, திரும்பவும் நடுவே. போய் வா, போய் வா.

"அட, இது துருத்தியெல்லே!" என்றாள் வாய்விட்டு.

சோம்பேறி என்று அவள் நினைத்திருந்த கை, இத்தனை வருசமாக இதற்குத்தான் பழகியிருக்கிறது. இடது கை நேராக நடக்கும் தகப்பன், வலது கை அவர் விரலைப் பிடித்துக்கொண்டு துள்ளி வரும் பிள்ளை. ராக்டைம் என்றால் அவ்வளவுதான் என்று அவளுக்குப் பட்டது. ஆண்டவர் எதையும் வீணாக்குவதில்லை. நமக்குத்தான் அவருடைய சிக்கனம் விளங்குவதில்லை.

மூன்று குளிர்காலம் பழகினாள். 2004 கோடையில், பிரெஞ்சுப் பங்கும் தமிழ்ப் பங்கும் சேர்ந்து வைத்த இரவுணவுக்கு முன்பு ஆட்கள் கீழ் ஹோலில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தபோது, கை துருதுருத்து அந்த ராக்டைம் தாள்களில் ஒன்றை வாசித்தாள். கதிரை அடுக்கிய ஒருவர் அடுக்குவதை நிறுத்திவிட்டார். கௌபோய்த் தொப்பி போட்ட ரெஜான். ஞாயிறு பின்னேரங்களில் பக்கத்துத் தெரு மதுக்கடையொன்றில் கன்ட்ரி இசைக்குழு நடத்துபவர். அவர் கடகடவென்று பிரெஞ்சில் சொன்னதைக் கிறேஸுக்கு முழுதாய்ப் பிடிக்கமுடியவில்லை.

ஒன்பது வயது ஜென்சி மொழிபெயர்த்தாள். "அவையின்ர பியானோக்காரர் கல்கரிக்குப் போயிட்டாராம். இந்த மிஸ்யூ உங்களைக் கௌபோய் ஆக்கப்போறாராம், அம்மா."

கணவர் டெனிஸ்டன் டாக்சி ஓட்டுபவர். "நான் ஏத்தி இறக்கிறன். தொப்பி மட்டும் போடாதை, உன்னை அடையாளம் தெரியாமல் மீட்டரைப் போட்டுடுவன்" என்றார்.

அந்த மதுக்கடையில் வாசிப்பதற்கு ஹொங்கி டொங்க் என்று பெயர். ஆட்டக்காரரின் காலுக்கு வாசிக்கிற வாசிப்பு. பியானோ சற்றுச் சுருதி கலைந்திருந்தால்தான் அதற்கு ருசி. கீழ் ஹோலில் பழகியவளுக்கு அது சொந்த வீடு. காலையில் பூசை, பின்னேரம் ரெஜானின் குழு. கிடைத்த கூலியில் ஜென்சிக்குப் பனிச் சப்பாத்து வாங்கினாள்.

செய்தி மாரிகாலத்துக்கு முன்பே பங்குச் சபைக்குப் போய்விட்டது. கூட்டத்துக்கு அவளை அழைத்தார்கள்.

"காலமை நற்கருணைப் பாட்டு, பின்னேரம் குடிகாரர் பாட்டு" என்றார் பத்திநாதர். "ஒரு கையாலை ரெண்டு வேலை செய்யேலாது. கோயில் வேணுமெண்டால் அதை விடவேணும். இல்லாட்டி இருக்கையை வேறை ஆளுக்குக் குடுக்கவேணும்."

அந்த இருக்கை போனால் கிறேஸின் செபமும் போய்விடும். அதை எப்படிச் சொல்வது?

"அதோடை," என்று பத்திநாதர் விடவில்லை, "அந்தப் பாட்டுகளைப் பழகினது எங்கட ஹோலிலை. ரெண்டு வருசத்துக்கு முன்னம் கிழமை நாளிலை ஹீற்றர் போட்டதெண்டு பெரிய பில் வந்தது. அருமைநாதன் மறந்துபோனன் எண்டவர். எழுத்திலை எச்சரிக்கை குடுத்தனாங்கள். இப்பவெல்லோ காரணம் தெரியுது."

கிறேஸ் திடுக்கிட்டுத் திரும்பினாள். கதவடியில் துடைப்பத்தோடு நின்ற அருமைநாதன் நிலத்தைப் பார்த்தார்.

"நான்தான் போட்டது, ஐயா. மறக்கயில்லை. குளிரிலை விரல் விறைச்சால் மாதாவுக்கும் பாட்டில்லைத்தானே."

"இன்னொரு பிழை வந்தால் வேலை இராது, அருமைநாதன். தெரியும்தானே?"

"தெரியும், ஐயா."

பங்குச் சுவாமியார் கூட்டக் குறிப்பேட்டை மூடிவைத்தார். பிறகு சொன்னார்: "பத்திநாதர், நாங்கள் ஒருத்தரும் அந்த இடத்தைக் கண்ணாலை காணயில்லை. வாற ஞாயிறு நீங்கள் ஒருக்கால் போய்ப் பாத்திட்டு வாங்கோ. பேந்து கதைப்பம்."

பத்திநாதர் கோட்டும் கழுத்துப் பட்டியும் அணிந்து, சட்டைப்பைக்குள் செபமாலையோடு போனார். பகல் இரண்டு மணி. உள்ளே எழுபது வயதைத் தாண்டிய நாற்பது பேர், தொப்பியும் உயர்ந்த சப்பாத்துமாய் வரிசை கட்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். பாதிப்பேரின் கையில் கோப்பிதான். ஒரு கிழவி ஊன்றுகோலைக் கதிரையில் சாத்திவிட்டு வரிசையில் சேர்ந்தாள். கிறேஸ் அவரைக் கண்டுவிட்டாள். ஆனாலும் இடது கை தடுமாறவில்லை. போய் வா, போய் வா. மூன்றாவது பாட்டில் அவள் ஓரக்கண்ணால் பார்த்தபோது, பத்திநாதரின் வலது சப்பாத்து தன்பாட்டில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த கூட்டத்தில் அவர் எழுந்து தொண்டையைச் செருமினார். "அங்கை பாவம் ஒண்டையும் நான் காணயில்லை. தாளம்தான் கொஞ்சம் கூட. பிள்ளை இருக்கையிலை இருக்கட்டும்."

அதன் பிறகு கிறேஸ் மற்றவர்களுக்கும் பெயர் தெரிந்தவளானாள். கௌபோய்த் திருவிழாக்களுக்கு அழைப்பு வந்தது. 2006இல் குழு ஒரு சீடி போட்டது. நகரின் மேற்கு ஓரத்துக் கர்க்லாண்டிலிருந்து இளவயதுக்காரர் கார் எடுத்து வந்து கேட்டார்கள். 'மதாம் கிறேஸின் இடது கை' என்று ஒரு பிரெஞ்சுப் பத்திரிகை எழுதியதை ஜென்சி வெட்டிக் குளிர்ப்பெட்டியில் ஒட்டினாள். "கேள்வி கேட்டது நான். எனக்கும் பங்கு வேணும்" என்று பன்னிரண்டு வயதிலும் சொல்லிக்கொண்டிருந்தாள். அருமைநாதனுக்கு நன்றி சொல்லக் கிறேஸ் மூன்று முறை வாயெடுத்தாள். மூன்று முறையும் அவர் "சும்மா போம், தங்கச்சி" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார்.

2008 தொடக்கத்தில் பனி ஓயவில்லை. தவக்காலத்து முதல் ஞாயிறு, பூசைக்கு நேரத்தோடு வந்த கிறேஸ், படியில் அருமைநாதனைக் கண்டாள். சவளால் இரண்டு தரம் பனி அள்ளிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறு கை வயிற்றோரத்தை அழுத்தியிருந்தது. முகம் சாம்பல்.

"என்ன, அண்ணை?"

"குடல் இறங்கியிருக்காம். ஒப்பரேசனுக்குச் சித்திரையிலைதான் இடம். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும். படியிலை யாரும் வழுக்கினால் எனக்கு அந்த இன்னொரு பிழை வந்திடும்."

அவள் யாருக்கும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு பனி விழுந்த ஒவ்வொரு நாளும், அருமைநாதன் வந்து சேரும்போது படி துப்புரவாய் இருந்தது. உப்பும் தூவியிருந்தது. பங்குனியில் ஒருநாள் பூசை முடிந்து அவர் பியானோவுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். "தங்கச்சி, சொன்னால் நம்பமாட்டீர். வானத்திலையிருந்து ஆரோ ஒரு சம்மனசு இறங்கிவந்து பனி அள்ளுது."

"அப்பிடியோ அண்ணை" என்றாள் கிறேஸ், பாட்டுப் புத்தகத்தைப் புரட்டியபடி.

அந்தக் கிழமை வெள்ளி விடியப்புறம் திரும்பவும் பனி கொட்டியது. வழக்கமாகத் தொழிற்சாலைக்குப் போகும் பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் கிறேஸ் கோயிலடியில் வந்து இறங்கினாள். தெருவில் ஒரு குருவியும் இல்லை. மறுநாள் பெரிய மேடையில் வாசிப்பு இருந்ததால் இடது கைக்கு மட்டும் இரண்டு கையுறை. மாதா சுருவத்துக்குப் பின்னால், பால்மா ரின்னுக்குப் பக்கத்தில் சாத்தியிருந்த சவளை எடுத்தாள். மேல்படியில் தொடங்கினாள். போய் வா, போய் வா. கீழ்ப்படி முடிந்ததும் உப்புத் தூவி, சவளை இருந்த இடத்திலேயே, இருந்த சாய்விலேயே வைத்தாள். மாதாவின் தோளில் கிடந்த பனியைக் கையுறையால் தட்டிவிட்டாள்.

பஸ் தரிப்பிடத்துக்குப் போய்ச் சேர்ந்து திரும்பிப் பார்த்தபோது, அவள் நடந்து வந்த அடிச்சுவடுகளைப் பனி மெல்ல மூடிக்கொண்டிருந்தது.