கருமபீடத்தின் உயரம்

என் கணவர் குலேந்திரனின் நீலச் சேட்டில் மூன்றாவது பொத்தான் கழன்றிருந்தது. வீட்டில் நீல நூல் இல்லை. கறுப்பு நூலால் தைத்துக் கொடுத்தேன். "ஆர் பாக்கப் போகினம்," என்றார். போட்டுக்கொண்டு மண்ணெண்ணெய் வாங்கப் போனார். அதற்குப் பிறகு அவரைக் காணவில்லை.

காணாமற்போனவர்களைப் பதியும் அலுவலகத்தில், எழுதுபவர் இருக்கும் கருமபீடம் என்னைவிட இரண்டடி உயரம். வருகிற எல்லோருக்கும் அப்படித்தான். மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"என்ன நிறச் சேட்டு?"

"நீலம்."

"வெள்ளையெண்டு போடுறன்."

"நான் நீலமெண்டு சொன்னனான்."

"சொல்லுறது நீங்கள். எழுதுறது நான்."

அடுத்த வாரம் தபாலில் ஒரு வெள்ளைச் சேட்டு வந்தது. அடையாளம் காட்டவும் என்று ஒரு துண்டு குத்தியிருந்தது. கொடியில் போட்டேன். அலுவலகத்துக்குப் புதுப் பெயர் வைத்தார்கள். மறுபடியும் போய் நீலம் என்றேன். பச்சைக் கோடு போட்டது வந்தது. பிறகு மஞ்சள். பதினொரு வாக்குமூலம், பதினொரு சேட்டு. கொடி தொய்ந்து நிலத்தைத் தொட்டது.

"மனுசன் வந்திட்டாரோ அக்கா?" என்று பக்கத்து வீட்டுத் தவமலர் வேலிக்கு மேலால் கேட்டாள்.

"இல்லை. சேட்டுதான் வருது."

"அதாவது வருதே."

ஒரு காலை, அது மஞ்சளாகத்தான் இருந்திருக்குமோ என்று நினைத்துவிட்டேன். அன்றைக்குத்தான் பயந்தேன். நேரே அலுவலகத்துக்குப் போனேன்.

"நிறத்தைத் திருத்த வேணும்."

"உயரம் காணாது. படிச்சிட்டு வாங்கோ."

மனித உரிமைகளில் முதுகலைக்கு விண்ணப்பித்தேன். எனக்கு ஐம்பத்துமூன்று வயது. நான் இருக்கிறேன் என்பதற்கு இரண்டு பேர் ஒப்பமிட வேண்டும். தவமலர் ஒன்று போட்டாள். மற்றது கிடைக்கவில்லை. பாதி இருப்பவளாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

சனியும் ஞாயிறும் வகுப்பு. ஒவ்வொரு தவணை முடிவிலும் விரிவுரையாளர் திலகேஸ்வரி எங்களைத் தையல் நாடாவால் அளந்தார். சர்வதேசச் சட்டத்தில் நான்கு அங்குலம் வளர்ந்திருந்தேன். ஆய்வுமுறையில் மூன்று.

"வாக்குமூலம் எடுத்து முடிய என்ன செய்வீங்கள்?" என்று ஒருநாள் கேட்டார்.

"ஒப்பம் வாங்குவன், மிஸ்."

"முதல் வாசிச்சுக் காட்டோணும். பிறகு, வேறை ஏதும் இருக்கோ எண்டு கேக்கோணும்."

அந்த வகுப்பில் மட்டும் ஓர் அடி வளர்ந்தேன். பேருந்தில் குனிந்து வந்தேன். ஆய்வேட்டுக்கு இன்னும் ஒன்பது அங்குலம் கிடைத்தது.

பட்டத்தை வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். கருமபீடத்துக்கு மேலால் முதல் தடவை பார்த்தேன். உள்ளே ஒரு சிறிய மனிதர் அடுக்கிய கோப்புகளின் உச்சியில் உட்கார்ந்திருந்தார். கண்களை இறுக மூடியிருந்தார்.

"கீழை பாத்தால் தலை சுத்தும்," என்றார். "வேலைக்கு வந்தனீங்களோ?"

"ஓம்."

"நல்லதாப் போச்சு. என்னை இறக்கி விடுங்கோ."

உள்ளே போய் இறக்கிவிட்டேன். செருப்பைக்கூடத் தேடாமல் போய்விட்டார்.

வெளியே வரிசையில் முதல் ஆளாக நானே நின்றிருந்தேன். பழைய உயரம், முதன்முதல் இங்கே வந்த நாளின் சேலை. கருமபீடத்தைச் சுற்றி வெளியே வந்து, அவளை நீண்ட மர வாங்கில் இருத்தி, பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்ன நிறச் சேட்டு?"

"நீலம்."

நீலம் என்று எழுதினேன். வாசித்துக் காட்டினேன்.

"வேறை ஏதும் இருக்கோ அக்கா?"

அவள் தன் நெஞ்சில் பொத்தான் வரும் இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"மூண்டாவது தெறி கறுப்பு நூல். நான்தான் தைச்சனான்."

அதையும் எழுதினேன். அவள் நீளமாக மூச்சு விட்டாள். எனக்கு நெஞ்சு லேசானது.

மறுநாள் பதினொரு சேட்டுகளையும் தபாலில் திருப்பி அனுப்பினேன். கொடி பழையபடி மேலே போயிற்று.

"இனி என்னத்தைக் காயப்போடப் போறியள்?" என்றாள் தவமலர்.

"என்ரை உடுப்பை."

சன்னலோரம் நூற்கட்டையில் ஊசி குத்தியிருக்கிறது. அதில் கறுப்பு நூல் கோத்தபடியே இருக்கிறது.