வெல்லத்துக்கு எந்த ‘ல’

“வெல்லத்துக்குச் சின்ன ‘ல’டான்னு சின்ன வயசுலேருந்து படிச்சுப் படிச்சுச் சொல்றேனே, காதுல வாங்கினியா?” என்று அக்கா கத்தியபோது மளிகைக் கடைக்குள் தண்ணீர் முழங்காலைத் தாண்டியிருந்தது. “பெரிய ‘ள’தான் சரி. தப்பா எழுதியிருந்தா எப்படி வரும்? எழுதினபடிதானே வந்திருக்கு!” என்று தம்பி தண்ணீரைக் காட்டிப் பதிலுக்குக் கத்தினார். தண்ணீர் வெல்ல டப்பாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. டப்பாவின் விளிம்பில் ஒரு கம்பிக் கிளிப்பு. கிளிப்பில் ஓர் அட்டை. அட்டையில், தம்பியின் கோழிக் கிறுக்கல் கையெழுத்தில், ‘நல்ல வெள்ளம்’ என்று எழுதியிருந்தது. நல்ல வெள்ளம்தான், குறை சொல்ல முடியாது. கடை வாசலைத் தாண்டி, தெருவில் இறங்கி, தாழ்வான கோடியில் இருந்த தையல்காரர் வீட்டுக்குள் கேட்காமலே நுழைந்துகொண்டிருந்தது. குழாயில் வராத தண்ணீர் கடையில் வருகிறதே என்று பாதித் தெரு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. மீதிப் பாதி சண்டையைப் பார்க்க வந்தது.

கடை அக்காவுக்கும் தம்பிக்கும் பொது. அப்பா விட்டுப்போனது. தம்பி கல்லாவில் உட்காருவார், சரக்கு எடுப்பார், கொசுறு கேட்பவர்களை முறைப்பார். மற்றதெல்லாம் அக்கா. அரிசி, பருப்பு, பட்டாணி, காப்பித்தூள் என்று எல்லாம் வாய் திறந்த தகர டப்பாக்களில் வரிசையாக நிற்கும். அவற்றுக்கு அட்டை எழுதுவது அக்காவின் தனிப் பெருமை. பிஸ்கட் பெட்டியை வெட்டி, ஸ்கெட்ச் பேனாவால் எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும். எழுதுவதில் குறை இல்லை. நிற்க வைப்பதில்தான் குறை. பசை போட்டு ஒட்டினால் கரப்பான் தின்றது. சரக்கில் குத்தி வைத்தால் அட்டை சாய்ந்து உள்ளே புதைந்து, ‘துவரம் பருப்பு’ என்று எழுதிய அட்டையும் சேர்ந்து குழம்பில் வெந்ததாக ஓர் அம்மாள் சண்டைக்கு வந்தார்.

அப்போதுதான் எதிர்க்கடைக் குடைக்காரர் அந்தக் கிளிப்பைச் செய்துகொடுத்தார். குடை ரிப்பேர் செய்கிறவர், பேச்சு குறைவு, பேசவேண்டிய இடத்தில் இருமுவார். அவரிடம் ஒருவர் குடையைக் கொடுத்து, “நாளைக்கே வந்து வாங்கிக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். மழைக்காலங்கள் பல போயும் வரவில்லை. அந்தக் குடையின் கம்பிகளை உருவி, ஒவ்வொன்றையும் ஒட்டாமல், பற்றவைக்காமல், வளைத்தே செய்த கிளிப்பு. கீழ்ப்பக்கம் கொண்டை ஊசி மாதிரி டப்பாவின் விளிம்பைக் கவ்வும். மேல்பக்கம் கம்பியை நெருக்கமாக இரண்டு சுற்றுச் சுற்றியிருப்பார்; அந்தச் சுற்றுகளின் இடுக்கில் அட்டை நிற்கும். நிற்கும் என்றால் சாதாரண நிற்பு இல்லை. ஒருமுறை கவ்விய அட்டையை யார் இழுத்தாலும் கிளிப்பு விடாது. இன்னோர் அட்டையைச் செருகித் தள்ளினால்தான் பழையது வெளியே வரும். சொன்ன சொல் பொய்த்துப்போனதைக் கூடவே இருந்து பார்த்த கம்பி அது, அதனால் தன் கைக்கு வந்த சொல்லைப் பொய்க்க விடுவதில்லை என்பது பிற்பாடு குடைக்காரர் சொன்ன விளக்கம். இதற்கும் இடையில் இருமினார்.

கிளிப்பு வந்த மறுநாளே விஷயம் தெரிந்துவிட்டது. ‘கல் இல்லாத அரிசி’ என்று அக்கா எழுதி மாட்டினார். மாட்டிய கையோடு அரிசியிலிருந்த கற்களெல்லாம் டப்பாவை விட்டு இறங்கி, வாசல் ஓரமாகப் போய்க் குவிந்து நின்றன. ‘புதுப் பட்டாணி’ என்று மாட்டியதில், முந்தின வருஷத்துப் பட்டாணி பச்சைப் பசேலென்று ஆகி, பக்கத்து டப்பாவை எட்டிப் பார்த்தது. ஆனால் கிளிப்புக்குச் சொல் மட்டும்தான் தெரியும், சொன்னவரின் மனசு தெரியாது. ‘கடலை’ என்று எழுதிய டப்பாவில் அலைச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. காதை வைத்துக் கேட்டவர்களின் கம்மல் உப்புப் பூத்துப்போனது. அக்கா அட்டையை மாற்றி ‘வேர்க்கடலை’ என்று எழுதியதும் சரியாகிவிட்டது. தெருவுக்கு இதெல்லாம் பழகிவிட்டது. அரிசியில் கல் இல்லை என்பதில் யாருக்கு என்ன வருத்தம்?

காப்பித்தூள் சமாசாரம்தான் கொஞ்சம் சங்கடமானது. வாசனைத் தூள் என்று ஜனங்களுக்குத் தெரியட்டுமே என்று அக்கா அதற்கு ‘மணமானது’ என்று எழுதி மாட்டினார். வாசனை அப்படியேதான் இருந்தது. ஆனால் மறுநாள் காலையில் காப்பித்தூள் டப்பாவும் பக்கத்துச் சர்க்கரை டப்பாவும் உரசிக்கொண்டு நின்றன. இதை மட்டும் எடுத்தால் அது கூடவே வந்தது. காப்பித்தூள் மட்டும் கேட்டவர்களுக்குப் பொட்டலத்தில் சர்க்கரையும் இருந்தது. “ரெண்டும் குடித்தனம் பண்ணுது, நாம ஏன் குறுக்க?” என்றார் தம்பியின் மனைவி. தம்பிக்குச் சர்க்கரை வீணாகிறதே என்று வயிறு எரிந்தது. அட்டையை மாற்றவைத்துவிட்டார். டப்பாக்கள் பிரிந்தன, சர்க்கரை மட்டும் ரொம்ப நாள் யாரோடும் கலக்காமல் கட்டி தட்டிக் கிடந்தது. ‘மணமானது’ அட்டையை மேல் தட்டில் சுவரைப் பார்த்து வைத்தார் அக்கா. தூக்கிப் போடவில்லை என்பதைத் தெரு கவனித்தது.

தெரு வேறு ஒன்றையும் கவனித்தது. குடைக்காரர் தினமும் காலையில் வந்து ஒரு தீப்பெட்டி வாங்குவார். பீடி, சிகரெட் பழக்கம் இல்லை; வீட்டில் அடுப்பும் இல்லை, சாப்பாடு வெளியில்தான். அவர் அறையில் கட்டிலுக்கு அடியிலும் அலமாரியிலும் ஜன்னல் மறையும் உயரத்துக்கும் தீப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. அக்கா தீப்பெட்டியை எடுத்துக் கொடுப்பார். கொடுக்கும்போது முந்தானையைச் சரிசெய்வார். நாற்பதைத் தாண்டியவருக்கு அதில் என்ன என்று கேட்பவர்கள் எங்கள் தெருவில் இல்லை. எங்களுக்கு வேறு பொழுதுபோக்கும் இல்லை. கடைசியில் ஒருநாள் குடைக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கல்லா முன்னால் வந்து நின்று, இருமி, “முதலாளி, உங்க அக்காவ எனக்குக் கட்டிக் குடுங்க” என்று கேட்டார். தம்பி கணக்கு நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், “இப்போதைக்கு இல்லீங்க. அடுத்த வாரம் பாருங்க” என்றார். அது அவர் இல்லாத சரக்கைக் கேட்பவர்களுக்குச் சொல்லும் பதில். வாய் பழக்கத்தில் வந்தது என்று ஒரு கட்சி. அக்கா போய்விட்டால் மூட்டையை யார் பிரிப்பது, அட்டையை யார் எழுதுவது என்று கணக்குப் போட்டுத்தான் சொன்னார் என்று இன்னொரு கட்சி. குடைக்காரர் அடுத்த வாரமும் வந்தார். அதற்கு அடுத்த வாரமும் வந்தார். அதே பதில். இப்படியே ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் ஓடின.

அடுத்த மழை தொடங்கியபோது அக்கா பேனாவைக் கொண்டையில் செருகிக்கொண்டு, இனி எழுத மாட்டேன் என்று மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். கத்தவில்லை, அழவில்லை, அதுதான் தம்பிக்குப் பயமாக இருந்தது. பயத்தைக் காட்டிக்கொள்ளாமல், “எனக்கு எழுதத் தெரியாதா?” என்று வீராப்பாகப் புதிதாக வந்த வெல்லத்துக்குத் தாமே அட்டை எழுதி மாட்டினார். அதன் பலன்தான் மேலே சொன்னது.

சரி, சண்டைக்கு வருவோம். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. தம்பி அட்டையைப் பிடித்து இழுத்தார், கிளிப்பு விடவில்லை. டப்பா மேல் கோணியைப் போட்டு அமுக்கினார், கோணி மிதந்து போனது. வெற்று அட்டைகள் வைத்திருந்த கீழ் இழுப்பறை முழுவதும் கூழ். அக்கா மூட்டையிலிருந்து இன்னும் உயரமான மூட்டைக்கு மாறி உட்கார்ந்து, கொண்டையிலிருந்து பேனாவை உருவினார். “சம்மதம்னு ஒரு வார்த்தை சொல்லு. சின்ன ‘ல’ போட்டுத் தர்றேன்.”

“ஒரு எழுத்துக்கு இவ்வளவு விலையா?”

“உன் கடையில எதுதான் மலிவு?”

குடத்தோடு நின்ற பெண்கள் இதற்குச் சிரித்தார்கள். தம்பியின் மனைவி பரண் ஏணியில் நின்றுகொண்டு, “என்னங்க, ஒத்துக்கோங்களேன். அண்ணி ஒன்னும் கேட்கக் கூடாதத கேட்கல. அரிசியெல்லாம் முளைச்சிரும் போல இருக்கு” என்றார். தம்பி மார்பளவு தண்ணீரில் நின்று யோசித்தார். யோசித்து, “சரி, அடுத்த வாரம் பாக்கலாம்” என்றார்.

“அதுவரைக்கும் மிதப்பியா?” என்றார் அக்கா.

இந்த நேரத்தில் குடைக்காரர் வந்து சேர்ந்தார். சந்தைக் கடைகளுக்குப் போடும் பெரிய குடையை மல்லாத்திப் போட்டு, அதற்குள் சம்மணமிட்டு உட்கார்ந்து, கைக்குடையால் துழாவிக்கொண்டு, மிதக்கும் பருப்பு டப்பாக்களை ஒதுக்கிக்கொண்டு கடைக்குள் நுழைந்தார். சலவைச் சட்டையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. மூட்டைப் பக்கம் வந்து, இருமாமல், “வாங்க” என்று கையை நீட்டினார். அக்கா ஏறிக்கொண்டார்.

குடை மேல் தட்டு உயரத்துக்கு மிதந்தது. கடையில் காய்ந்த அட்டை என்று அங்கே இருந்தது ஒன்றே ஒன்று. அக்கா அதை எடுத்தார். எழுதாத பக்கத்தில் ‘நல்ல வெல்லம்’ என்று எழுதினார். இரண்டு இடத்திலும் சின்ன ‘ல’, இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. பிறகு இருவரும் குடையைத் தள்ளிக்கொண்டு வெல்ல டப்பாவுக்குப் பின்னால் போனார்கள். அக்கா தண்ணீருக்குள் கைவிட்டுத் துழாவி, கிளிப்பின் சுற்றில் புது அட்டையைச் செருகித் தள்ளினார். பழைய அட்டை ‘ளொடக்’ என்று வெளியே வந்து மிதந்தது. வந்த தண்ணீரெல்லாம், தையல்காரர் வீட்டில் புகுந்தது உட்பட, வெட்கப்பட்டது மாதிரி டப்பாவுக்குள் திரும்பிப் போனது. குடங்களில் பிடித்து வைத்தவர்கள் மட்டும் கொடுக்கவில்லை.

‘நல்ல வெல்லம்’ தெருவைப் பார்த்து இருந்தது. ‘மணமானது’ டப்பாவுக்குப் பின்னால் ஒரே குடையில் நின்ற இருவரையும் பார்த்து இருந்தது.

தண்ணீர் வடிந்து தரை தெரிந்தபோது தெருவில் எல்லோருக்கும் கல்யாணத்துக்குப் போய்வந்த ஞாபகம் இருந்தது. தையல்காரர் மனைவிக்குப் பின்வரிசையில், காற்றாடி இல்லாத இடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள் என்ற மனத்தாங்கல். பெட்டியில் பிரிக்காமல் வைத்திருந்த படுக்கை விரிப்பு ஒரு வீட்டில் காணவில்லை. இன்னொரு வீட்டில் ஒரு புதுப் பாத்திரத்தைக் காணவில்லை. போய்ப் பார்த்தால் எல்லாம் கொடுத்தவர் பெயரோடு குடைக்காரர் அறையில் தீப்பெட்டிகளுக்கு மேல் அடுக்கியிருந்தன. “நான் எப்போ ஒத்துக்கிட்டேன்?” என்று தம்பி ஈரக் கல்லாவில் உட்கார்ந்து கேட்டார். “மேடையில நின்னு அண்ணி கையப் பிடிச்சுக்கிட்டு விசும்பினீங்களே, மறந்துபோச்சா?” என்றார் மனைவி. தம்பிக்கு மறக்கவில்லை. அதுதான் அவர் கஷ்டம். விசும்பியது நன்றாக ஞாபகம் இருந்தது.

அட்டையின் மறுபக்கத்தில் என்ன இருந்தது என்று தெரியாமல் அக்கா செருகிவிட்டார் என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடையில் எந்த டப்பாவில் எந்த அட்டை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவருக்கு, தாமே எழுதித் தாமே எடுத்துவைத்த அட்டையின் பின்பக்கம் தெரியாதாம். நம்புகிறவர்கள் நம்பட்டும்.

தையல்காரர் குடும்பம் அந்த மாதமே மேட்டுத் தெருவுக்குக் குடிபோனது. அக்காவும் குடைக்காரரும் வருஷம் பூராவும் மழை பெய்யும் மலையூர் ஒன்றுக்குப் போய்விட்டார்கள். அங்கே குடைக்கு வேலை உண்டு, அக்காவும் கடைகளுக்குப் பலகை எழுதுகிறாராம். தீப்பெட்டிகளை வண்டியில் ஏற்றிப் போனார்கள். நனைந்து போனவை, ஒன்றுகூடப் பற்றாது, இருந்தாலும் விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. தம்பி கடையில் இப்போது யாருக்கும் ‘அடுத்த வாரம் பாருங்க’ என்று சொல்வதில்லை. அக்காவைக் கேட்டால் கூட “இருக்காங்க, நல்லா இருக்காங்க” என்று உடனே பதில் வருகிறது.

கிளிப்பு அதே டப்பாவில்தான் இருக்கிறது. அதில் வேறு அட்டை செருக யாரையும் அவர் விடுவதில்லை. வெல்லம் தீர்ந்தாலும் அட்டை அப்படியே நிற்கும். ஆனால் மை நாளாவட்டத்தில் வெளுக்கத்தான் செய்யும். அதனால் ஒவ்வொரு மழைக்கு முன்பும் தம்பி கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, டப்பாவுக்குப் பின்னால் குனிந்து, அட்டையை அசைக்காமல், பின்பக்கத்து எழுத்தின் மேலேயே நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்ப எழுதுகிறார். ‘ம’ போட்டவுடன் கை நின்றுவிடும். “ஏய், இதுக்கு மூணு சுழிதானே?” என்று உள்ளே பார்த்துக் கத்துவார். “மூணுதான், மூணுதான், பாத்துப் போடுங்க” என்று மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வருவார்.