போணி ஆகாத காலை

எல்லையில் பைகளைச் சோதித்து முடித்து மறுபடி பஸ்ஸின் வயிற்றுக்குள் வீசியபோதுதான் மாலிஸின் முதுகுப்பைப் பட்டை அறுந்தது. சைகோனில் இறங்கியவள் அந்தப் பையைக் கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்திருந்தாள். எதிர்ச்சாரியில் தலாத் என்ற மலையூருக்குப் போகும் பஸ் நின்றது. சற்று நேரத்தில் கிளம்பிவிடும். அதை விட்டால் மறுநாள்தான். வாங்கிய டிக்கெட்டும் வீண்.

ஸ்கூட்டர்கள் ஆறாய் ஓடிய அந்தத் தெருவில் ஒரே ஒரு பைக்கடை திறந்திருந்தது. கடைக்காரி துயெத் அப்போதுதான் பைகளையும் தொப்பிகளையும் தொங்கவிட்டு முடித்திருந்தாள். கம்போடிய எல்லையூர்க்காரியான மாலிஸுக்கு வியட்நாம் பேச்சு வரும். பட்டை தைக்க என்ன கூலி என்று கேட்டாள். துயெத் கேட்டதில் பாதி தருவதாகச் சொன்னாள்.

துயெத் ஒரு தாளைச் சுருட்டிக் கொளுத்தி, மாலிஸ் நின்ற இடத்தைச் சுற்றி ஆட்டினாள்.

"அக்கா, என்ன பண்றீங்க?"

"பீடை கழிக்கிறேன். முதல் போணிக்கே பேரம் பேசுறியே, என் நாள் விளங்குமா?"

"சரி, கேட்டதையே தரேன்."

"இனிமே நீ கொட்டிக் கொடுத்தாலும் வேண்டாம். வேற யாராவது போணி பண்ணட்டும், அப்புறம் வா."

"பஸ் போயிடும்க்கா!"

"உன் பஸ் உனக்கு, என் கடை எனக்கு."

மாலிஸ் தெருமுனைக்கு ஓடினாள். அவளோடு எல்லை தாண்டி வந்த டச்சுக்காரன் யோஸ்ட் அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தான். வழியெல்லாம் அவள் தோளில் தூங்கி விழுந்தவன்.

"எழுந்து வா. உனக்கு ஒரு தொப்பி வேணும்" என்றாள் அரைகுறை ஆங்கிலத்தில்.

"எங்கிட்டதான் ரெண்டு இருக்கே."

"மூணாவது வேணும். பேரம் பேசாதே. சொன்னதைக் கொடுத்துட்டு வாயை மூடிக்கோ."

கடையில் தொப்பியைக் கையில் எடுத்ததும் அவன் பழக்கதோஷத்தில், "கொஞ்சம் குறைச்சு..." என்று இழுத்தான். மாலிஸ் அவன் காலை மிதித்தாள். பணம் கைமாறியது. துயெத் அந்த நோட்டால் எல்லாப் பைகளையும் ஒருமுறை தடவிவிட்டுச் சிரித்தாள்.

"இப்ப கொண்டா, தங்கச்சி."

கடைசித் தையலை இறுக்கி அவள் நூலைக் கடித்தபோது, தலாத் பஸ் ஹாரன் அடித்து ஸ்கூட்டர்களை விலக்கிக்கொண்டு வளைவில் திரும்பியது. மாலிஸ் இரண்டடி ஓடி நின்றாள்.

"போயிருச்சா?" என்றாள் துயெத், தலை நிமிராமல்.

"போயிருச்சு."

மாலிஸ் பையை மாட்டித் தோளைக் குலுக்கிப் பார்த்தாள். பட்டை நன்றாகவே பிடித்திருந்தது. பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நாளை வரைக்கும் நேரம் இருந்தது.

"பாதிதான் தருவேன்" என்றாள்.