உதயகலா மோட்டார் சைக்கிள் எடுத்த காலை

சண்டிலிப்பாயில் மார்கழிப் பனி என்றால் இலேசுப்பட்டதல்ல. விடிந்த பிறகும் தோட்டத்து வேலி கண்ணுக்குத் தெரியாது. வாழை இலைகளிலிருந்து மழை விட்ட மாதிரிச் சொட்டிக்கொண்டிருக்கும். அப்படியொரு காலையில்தான் உதயகலா முற்றத்தில் நின்று அந்தப் பழைய மோட்டார் சைக்கிளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

கிக்கரை மிதித்தாள். இருமியது. மறுபடி மிதித்தாள். அந்த இருமலும் வரவில்லை.

வாசல் படலையடியில் கத்தரிக்காய் மூட்டைகள் கட்டி வைத்தபடி நின்றன. முதல் நாள் பின்னேரம் அவளே ஆய்ந்து, புழுக் குத்தியதைக் கழித்துக் கட்டியவை. சில மைல் தள்ளியிருக்கும் திருநெல்வேலிச் சந்தையில் மொத்த வியாபாரிகள் வெயில் ஏறும்வரை யாருக்காகவும் காத்திருக்க மாட்டார்கள்.

இதுநாள்வரை சந்தைக்குப் போனது அவளுடைய கணவன் டிலக்ஷன். கார்த்திகை மழையில் தண்ணீர்த் தாங்கியைக் கழுவ ஏறி, வழுக்கி விழுந்து, காலை முறித்துக்கொண்டான். அன்றிலிருந்து அவனுடைய தமையன் கோகுலன்தான் மரக்கறியைப் பெட்டி பூட்டிய தன் உழவு மெசினில் ஏற்றிப் போனான். முதலில் அது உதவியாக இருந்தது. பிறகு யோசனை சொல்லத் தொடங்கினான். பிறகு, எந்தப் பாத்திக்கு எப்போது தண்ணீர் விடுவது, எதைப் பிடுங்குவது என்று எல்லாவற்றுக்கும் அவன் வாயைப் பார்க்கும்படி ஆயிற்று. கடைசியில் ஒருநாள், கால் பார்க்க வந்த சொந்தக்காரர் எல்லோரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னான்:

"தம்பி எழும்பி நடக்குமட்டும் காணியை என்னட்டை விடுங்கோ. புகையிலை நடுவம். பொம்பிளைப்பிள்ளை தனிய என்னத்தைச் செய்யிறது? சந்தைக்குப் போகவே ஆளில்லை."

டிலக்ஷன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். உதயகலா தேத்தண்ணித் தட்டை மேசையில் வைத்தாள்.

"சந்தைக்கு நான் போவன் அத்தான்."

"எதிலை? பஸ்ஸிலையோ?"

"மோட்டச் சைக்கிள் நிக்குதுதானே."

வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஸ்கூட்டி ஓடும் பெண்கள் ஊரில் நிறையப் பேர். மூட்டை கட்டிக்கொண்டு, கியர் போட்டு ஓடும் பெண்ணை அவர்கள் கண்டதில்லை. உதயகலாவிடம் லைசென்ஸ் இருந்தது. ஸ்கூட்டி வாங்கும் ஆசையில் எடுத்தது, ஸ்கூட்டி வரவேயில்லை. அவள் பின்னேரங்களில் கோயில் பின்வீதியில் பழகினாள். விழுந்தாள். சைலன்சர் சுட்டுக் கெண்டைக்காலில் கொப்புளம் போட்டது. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு திரும்ப ஏறினாள். பின்னேர வெயிலில் அது ஒரு மிதியிலேயே ஸ்ராட் வந்தது. பனிக்காலையில் அது வேறு பிராணி என்று இன்றைக்குத்தான் கண்டாள்.

"சோக்கை இழுத்தனீரோ?" உள்ளே கட்டிலிலிருந்து டிலக்ஷன் கேட்டான்.

"இழுத்தனான்."

"பெற்றோல் திருகி?"

"திறந்துதான் கிடக்கு."

"அப்ப பனிதான். குளிருக்கு அது அப்பிடித்தான் அடம்பிடிக்கும். கொஞ்சம் வெயில் வரட்டும், விடும்."

"வெயில் வரச் சந்தை கலைஞ்சிடும்."

அந்த நேரம் பார்த்துத்தான் படலைக்கு வெளியே ஒழுங்கைப் பாதையில் உழவு மெசின் சத்தம் கேட்டது. தலையில் துவாய் கட்டிக்கொண்டு கோகுலன் வந்து இறங்கினான். மெசினை நிறுத்தவில்லை, அது பாட்டுக்குத் தடதடவென்று இயங்கிக்கொண்டிருந்தது. அவன் மோட்டார் சைக்கிளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.  நேரே போய் ஒரு மூட்டையைத் தூக்கித் மெசின் பெட்டியில் போட்டான்.

"அத்தான், அதை இறக்குங்கோ."

"விசர்க்கதை கதையாதை பிள்ளை. வெய்யில் பட்டால் காய் வாடிப்போகும்."

அவன் அடுத்த மூட்டையில் கை வைத்தான். உதயகலா ஓடிப்போய்ப் பெட்டியில் கிடந்ததை இழுத்தாள். அவளுடைய நிறையில் பாதி இருக்கும் அந்த மூட்டை. நெஞ்சோடு அணைத்து இறக்கிப் படலையடியில் திரும்ப வைத்தாள். பக்கத்து வளவில் முற்றம் கூட்டிக்கொண்டிருந்த ஞானாம்பிகை விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"வாடினால் என்ரை காய் வாடட்டும்," என்றாள் உதயகலா. "நீங்கள் போங்கோ."

"தம்பி!" கோகுலன் வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "உன்ரை மனிசி என்ன சொல்லுறாள் எண்டு கேட்டியோ?"

 உள்ளேயிருந்து டிலக்ஷன் மெல்லச் சொன்னான்: "கலா, இண்டைக்கு மட்டும் அண்ணையோடை விடுமன்."

அதுதான் அவளைச் சுட்டது. கோகுலன் அப்படித்தான் என்று அவளுக்குத் தெரியும். இவன் சொன்னது பொறுக்கவில்லை. குறடு ஒன்றை எடுத்து மோட்டார் சைக்கிளின் பிளக்கைக் கழற்றி, அதைக் கையில் பிடித்தபடியே அறை வாசலில் போய் நின்றாள்.

"இஞ்சாருங்கோ. உங்களுக்குக் கால்தான் முறிஞ்சது, வாய் முறியேல்லை. அந்த வாயாலை எனக்கு என்ன செய்யோணும் எண்டு சொல்லுங்கோ. இல்லாட்டிச் சும்மா கிடவுங்கோ. இண்டைக்கு மட்டும் எண்டுதான் எல்லாம் தொடங்கினது."

டிலக்ஷன் அவளுடைய முகத்தைப் பார்த்தான். பிறகு கையிலிருந்த பிளக்கைப் பார்த்தான். கறுத்து, நனைந்து இருந்தது.

"அடுப்பிலை நெருப்புக் கிடக்கோ?" என்று கேட்டான்.

"ஓம்."

"பிளக்கைத் துடைச்சுப்போட்டு, அதின்ரை வாயைக் கொஞ்சம் சூடு காட்டும்."

அவள் காட்டினாள். திரும்பி வந்தபோது டிலக்ஷன் கட்டிலில் இல்லை. மாக்கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு, நிலத்தில் நகர்ந்து நகர்ந்து, வாசற்படி வரைக்கும் வந்திருந்தான். முகமெல்லாம் வியர்வை. அவள் முற்றத்துக்கு இறங்கினாள். பிளக்கை வயரில் கொளுவி, எஞ்சின் இரும்பில் அணைத்துப் பிடித்துக்கொண்டு கையாலேயே கிக்கரை அழுத்தினாள். நீலமாக ஒரு பொறி வெட்டியது.

"பொறி வருது!"

"அப்ப பெற்றோல்தான் பிழை. நேற்று எங்கை அடிச்சனீர்?"

"அடிக்கேல்லை. கொட்டிலுக்கை கானிலை கிடந்ததை ஊத்தினனான்."

டிலக்ஷன் தலையில் கை வைத்தான். மழைக்கு ஒழுகும் கொட்டில் அது. "காபரேற்றருக்குக் கீழை சின்ன ஆணி ஒண்டு இருக்கு. ஒரு கிளாசைப் பிடிச்சுக்கொண்டு அதைத் தளத்திப் பாரும்."

கோகுலன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "தம்பி, நீயும் சேர்ந்து ஆடுறியோ? சனம் சிரிக்கப்போகுது."

"சனம் சிரிக்கேல்லை, நான் பார்த்துக்கொண்டுதான் நிக்கிறன்," என்றாள் வேலிக்கு அப்பாலிருந்து ஞானாம்பிகை.

கிளாசில் ஒழுகியது பெற்றோல் மாதிரியே இருந்தது. உதயகலா வெளிச்சத்துக்கு உயர்த்திப் பிடித்தாள். அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் உருண்டது. பெற்றோல் தாங்கியில் இருந்ததையும் முழுக்க வடித்துக் கொட்டினாள். இப்போது பெற்றோலுக்கு எங்கே போவது என்று அவள் திகைத்து நிற்க, ஞானாம்பிகை உள்ளே போய், மகனுடைய புல்லு வெட்டும் மெசினுக்கு வைத்திருந்த போத்தலை வேலிக்கு மேலால் நீட்டினாள்.

ஊற்றினாள். பிளக்கை இறுக்கினாள். சோக்கை இழுத்தாள்.

"அக்சிலேற்றரை முறுக்காதையும். சும்மா மிதியும்," என்றான் டிலக்ஷன்.

மிதித்தாள். பிடித்து, நின்றது. மிதித்தாள். வெள்ளையாகப் புகை கக்கிக்கொண்டு எஞ்சின் எழும்பியது. முற்றம் அதிர்ந்தது. உதயகலா சிரிக்கவில்லை, சிரித்தால் நின்றுவிடும் என்று பயந்தவள் போலப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். சூடேறியதும் சோக்கை விட்டு, மூட்டைகளைத் தானே தூக்கிக் கட்டினாள். கோகுலன் ஒழுங்கையை அடைத்துக்கொண்டு மெசினோடு நின்றான்.

"வழி விடுங்கோ அத்தான்."

அவன் அசையவில்லை. அவள் ஹோர்னை அழுத்திப் பிடித்தாள். அயல் வளவுகளின் நாய்கள் எல்லாம் குரைக்கத் தொடங்கின. அவள் கையை எடுக்கவேயில்லை. கடைசியில் அவன்தான் ஏறி, மெசினை ஓரத்துக்கு எடுத்தான்.

மானிப்பாய்ப் பக்கம் போகையில் குளிரில் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பாரம் ஒரு பக்கமாக இழுத்தது. சந்தியொன்றில் பஸ்ஸுக்குப் பின்னால் எஞ்சின் நின்றுபோயிற்று. தேத்தண்ணிக் கடையில் நின்ற ஆண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ, "தள்ளிவிடட்டோ அக்கா?" என்றான். "வேண்டாம்," என்றாள். மிதித்தாள். வந்தது.

சந்தையில் மொத்தக்காரர்கள் போய்விட்டிருந்தார்கள். சாக்கைக் கட்டிக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் கேட்டார்: "உது கோகுலன்ரை காய் மாதிரிக் கிடக்கு. அவர் வரேல்லையோ?"

"அவரின்ரை காயில்லை, எங்கடை காய். இனி நான்தான் கொண்டுவருவன்."

அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். உதயகலா உரப்பை ஒன்றை விரித்துக் கத்தரிக்காயைக் கொட்டி, வெறுந்தரையில் குந்தினாள். கூவத் தெரியவில்லை. பக்கத்தில் கீரை விற்றவள் கூவியதைக் கேட்டு, முதலில் கூச்சத்தோடும் பிறகு தொண்டை கிழியவும் கூவினாள். அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகப் பிள்ளைகள் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினார்கள். வெயில் உச்சிக்கு வந்தபோது அடியில் நசிந்த காய்கள்தான் மிச்சம். அதையும் கீரைக்காரிக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

வீட்டில் கோகுலன் இருந்தான். அவளைக் கண்டதும் தம்பியிடம் சொன்னான்: "ஒருநாள் கூத்து. கிழட்டுச் சாமான் அது, நடு வழியிலை விடும். நடுறதுக்குப் புகையிலைக் கண்டு சொல்லிப்போட்டன்."

டிலக்ஷன் சுவரில் சாய்ந்திருந்தான். "கண்டு வேண்டாம் எண்டு சொல்லுங்கோ அண்ணை. காணி தரமாட்டம்."

"ஆர் சொல்லுறது? நீயோ, உவளோ?"

"ரெண்டு பேரும்," என்றாள் உதயகலா.

வைத்த தேத்தண்ணியைத் தொடாமல் கோகுலன் எழுந்து போனான். பொங்கலுக்கும் வரவில்லை. உதயகலா பொங்கிய புக்கையை ஒரு சட்டியில் கொடுத்தனுப்பினாள். மூடி திறக்காமலே சட்டி திரும்பி வந்தது. டிலக்ஷனுக்கு முகம் வாடிவிட்டது. அவள் அதில் அவனுக்கு ஒரு கிண்ணம் போட்டுக் கொடுத்து, தானும் இருந்து வயிறாரச் சாப்பிட்டாள். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு இறங்கினாள். புகையிலைக்கென்று கோகுலன் முன்பே கயிறு பிடித்துத் தடி ஊன்றியிருந்த காணித் துண்டில், தடிகளைப் பிடுங்கி வேலியோரம் எறிந்துவிட்டு, பீற்றூட்டுக்குப் பாத்தி கட்டத் தொடங்கினாள்.