தூங்குகிறவர்கள் கட்சி

என் வீட்டுக்காரர் எங்கே வேண்டுமானாலும் தூங்குவார். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை அவருக்கு. ஒலிபெருக்கியில் ஒரு பஸ்ஸை வழியனுப்பிவிட்டு, அடுத்தது கிளம்ப இருக்கும் பத்து நிமிடத்தில் ஒரு குட்டித் தூக்கம் போட்டு, டாண் என்று நேரத்துக்கு எழுந்து அடுத்த அறிவிப்பைச் சொல்வார். ஊரில் பாதிப் பேருக்கு அவர் முகம் தெரியாது. குரல் தெரியாதவர்கள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் வேதம் வாசிப்பதும் அவர்தான். பிரசங்கத்தில் கொட்டாவி விடுகிறவர்கள்கூட அவர் வாசிக்கும்போது நிமிர்ந்து உட்காருவார்கள்.

அந்தக் குரலுக்குத்தான் ஆபத்து வந்தது. கழுத்தில் ஒரு கட்டி. பரிசோதனை முடிவு வர இரண்டு மணி நேரம் ஆகும் என்று மருத்துவமனையில் உட்காரவைத்தார்கள். நான் எங்கே உட்கார்ந்தேன்? நடைவழியை அளந்துகொண்டிருந்தேன். இவர் நாற்காலியில் சாய்ந்து, வாயைப் பிளந்து, பட்டப்பகலில் குறட்டை. எனக்கு வந்ததே கோபம். தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"எப்படித்தான் தூக்கம் வருது உங்களுக்கு?"

"ஜெபம் பண்ணிட்டேன்ல," என்றார், கண்ணைத் திறக்காமலே. "அதுக்கப்புறம் நான் முழிச்சிருந்து என்ன கிழிக்கப்போறேன்?"

டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். "கட்டிய எடுத்துடலாம், உயிருக்குப் பயம் இல்ல. ஆனா குரலுக்குப் போற நரம்பு அது கூடவே ஒட்டிக்கிட்டிருக்கு. காப்பாத்தத்தான் பாப்போம். முடியலைன்னா குரல் போயிடும்."

இவர் தலையாட்டிவிட்டு, "சரிங்க டாக்டர்," என்றார். பஸ் பத்து நிமிடம் தாமதம் என்று யாரோ சொன்னதுபோல. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான்தான் அழுதேன்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. மருத்துவமனைக் காகிதங்களை அடுக்குவேன், கலைப்பேன், மறுபடியும் அடுக்குவேன். அவர் குடிக்கிற தண்ணீரை மூன்று தடவை தொட்டுப் பார்ப்பேன். இருமினால் ஓடுவேன், இருமாவிட்டாலும் ஓடுவேன். நான் ஒரு நிமிடம் அசந்தால் எல்லாம் கையை விட்டுப் போய்விடும் என்று எனக்கு நிச்சயம்.

ஆபரேஷனுக்கு முந்தின ஞாயிறு. வாசிப்பு எதுவாக வந்தது தெரியுமா? சீஷர்கள் படகில் போகிறார்கள், பெருங்காற்று அடிக்கிறது, அலை உள்ளே வருகிறது, இயேசு படகின் பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்குகிறார். அந்தப் பகுதி. இவர் ரசித்து ரசித்து வாசித்தார். எனக்குச் சின்ன வயதிலிருந்தே இந்தக் கதையில் சீஷர்கள் கட்சிதான். அவர்கள் படகிலேயே பிழைத்தவர்கள். அவர்களே பயந்து கத்துகிறார்கள் என்றால் காற்று எப்படி அடித்திருக்க வேண்டும்! இயேசு எழுந்து காற்றை அடக்குகிறார், பயந்ததற்காக இவர்களுக்குத் திட்டு வேறு. என் நெஞ்சு ஆறவில்லை. எனக்கென்று வீட்டில் ஒருவர், வேதத்தில் ஒருவர், இரண்டு பேரும் தூங்குகிறார்கள்.

காற்றைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கட்டட வேலையில் டவர் கிரேன் ஓட்டுகிறவள் நான். இருபத்திரண்டு மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, எனக்கு முன்னால் நீளும் இரும்புக் கை, அதன் கீழே தொங்கும் கொக்கி. என் பிழைப்பே காற்றைக் கேட்டுக் கேட்டுத்தான்.

ஆபரேஷன் அன்று மதியம் இரண்டரைக்கு என்று நேரம் குறித்திருந்தார்கள். எனக்கு மாற்று ஆள் பன்னிரண்டு மணிக்குத்தான் வருவார். "காலையிலிருந்து என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு என்ன பண்ணப்போற? போயிட்டு ஒரு மணிக்கு வந்துடு. அக்கா இருக்கால்ல," என்று இவர்தான் அனுப்பிவைத்தார். அக்கா என்றால் என் நாத்தனார். மருத்துவமனைக்கு இரண்டு பை நிறையச் சாமானும் ஊர்ப்பட்ட அறிவுரையும் கொண்டு வந்திருந்தார். என் வீட்டுக்காரரை உள்ளே அனுப்பும் முன்பு நான் அங்கே இருக்க வேண்டும், அந்தக் குரலைக் காதால் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்குப் பிறகு கேட்கக் கிடைக்குமோ கிடைக்காதோ.

சாயங்காலம் வரும் என்று சொல்லியிருந்த காற்று பதினொன்றரைக்கே வந்துவிட்டது. கூண்டுக்குள் எச்சரிக்கை மணி அலறியது. தொங்கிக்கொண்டிருந்த கம்பிக் கட்டைத் தரையில் இறக்கினேன், கொக்கியை மேலே ஏற்றினேன். கீழே சரக்கு மாட்டுகிறவர் வாக்கி-டாக்கியில் கத்தினார். அவரை எல்லோரும் கொக்கி என்றுதான் கூப்பிடுவோம்; சொந்தப் பெயரைக் கேட்டால் அவரே கொஞ்சம் யோசிப்பார்.

"தங்கச்சி, ஏணியில கால வைக்காத! தூக்கி வீசிடும். அங்கேயே இரு!"

"இன்னிக்கு எனக்கு ஆஸ்பத்திரி போகணும், அண்ணே!"

"முழுசாப் போகணும்ல?"

கிரேனின் கை சுற்றாமல் பிடித்து வைக்க ஒரு பிரேக் உண்டு. பெருங்காற்றில் அதை எடுத்துவிட வேண்டும். கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள், ஆனால் அதுதான் சட்டம். பிரேக்கை விட்டால் காற்று தள்ளும் பக்கம் கை தானாகத் திரும்பிக்கொள்ளும், கிரேன் நிற்கும். பிடித்து வைத்தால் காற்று பக்கவாட்டில் வந்து மோதி மொத்தத்தையும் சாய்த்துவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு இதை நான்தான் தொண்டை வறளச் சொல்லிக்கொடுப்பேன்.

பிரேக்கை விட்டேன். கை மெல்லத் திரும்பியது, கூடவே என் கூண்டும். அதுவரை எனக்கு நேராகத் தெரிந்துகொண்டிருந்த மருத்துவமனைக் கட்டடம், அதன் மூன்றாவது மாடி ஜன்னல் வரிசை, கண்ணாடியின் ஓரத்துக்கு நகர்ந்தது. இன்னும் நகர்ந்தது. அவர் இருக்கும் இடத்தை நான் பார்த்துக்கொண்டாவது இருக்க வேண்டாமா? என்னை மீறி என் கை போய் பிரேக்கைப் போட்டது.

கிரேன் முழுவதும் ஒரு நடுக்கம். கீழிருந்து மேல்வரை இரும்பு முனகியது. அந்தச் சத்தத்தை என் வேலைக்காலத்தில் நான் கேட்டதே இல்லை.

"என்ன பண்ற நீ?" கொக்கி அலறினார். "பிரேக்க விடு! விடு தங்கச்சி!"

எனக்குத் தெரியாதா? தெரியும். விரல்தான் பிரியவில்லை. கண்ணாடியின் ஓரத்தில் அந்த ஜன்னல் வரிசை ஆடிக்கொண்டிருந்தது. நான் மேலே பார்த்துக் கத்தினேன். "உமக்குக் கவலையே இல்லையா? நாங்க அழிஞ்சு போனாக்கூடப் பரவாயில்லையா?"

கத்தி முடித்தபிறகுதான் உறைத்தது. சீஷர்கள் கத்தியதையே நானும் கத்தியிருக்கிறேன். அப்போது அந்தக் கதையில் இத்தனை வருஷமாக என் கண்ணில் படாத ஒன்று பட்டது. இயேசு தூங்கினார்தான், ஆனால் கரையில் வீட்டில் படுத்துத் தூங்கவில்லை. அவர்கள் படகில், அதே தண்ணீரில் நனைந்துகொண்டு தூங்கினார்.

"சரி ஆண்டவரே," என்றேன். "நீர் தூங்குனாலும் எங்க படகுலதானே தூங்குறீர். அவர் அந்தப் பக்கம் இருக்கார், நான் இங்க இருக்கேன், ரெண்டு இடத்துலயும் நீர் இருக்கீர். என்னால இனிமே பிடிச்சு வைக்க முடியாது. நீரே பிடிச்சுக்கும்."

பிரேக்கை விட்டேன்.

காற்று அடங்கவில்லை. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்று நாலு மணிவரை வெளுத்து வாங்கியது. மருத்துவமனை என் கண்ணைவிட்டு முழுசாக மறைந்தது, கூண்டு எங்கெங்கோ திரும்பியது, ஊரின் நாலு பக்கமும் வந்து வந்து போயின. ஆனால் முனகல் நின்றுவிட்டது. இரும்பும் முனகவில்லை, நானும் முனகவில்லை. வாரக்கணக்காக இறுக்கிப் பிடித்திருந்த தோள்பட்டை இறங்கியது. பயப்பட வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொண்டு நான் சந்தோஷமாக இருந்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்குக் கல்யாண நாளன்றுகூட இருந்ததில்லை.

இரண்டேகாலுக்கு போன் அடித்தது. நாத்தனார். "ஏம்மா, அவன உள்ள கூட்டிட்டுப் போறாங்க. இந்தா, பேசு."

"எங்க இருக்க?" அவர் குரல்.

"மேலதான். இறங்க முடியல. காத்து."

"பிரேக்க விட்டுட்டியா?"

"விட்டுட்டேங்க," என்றேன்.

பிறகு ஊருக்கே தெரிந்த அந்தக் குரல், முழு அலங்காரத்தோடு: "பயணிகளின் அன்பான கவனத்திற்கு. இரண்டு முப்பதுக்குப் புறப்பட வேண்டிய ஆபரேஷன் தியேட்டர் வண்டி, மூன்றாவது மாடியிலிருந்து சரியான நேரத்தில் புறப்படுகிறது. மனைவிமார்கள் பயப்பட வேண்டாம்."

சிரித்தேன், அழுதேன், இரண்டும் ஒரே மூச்சில். "ஜெபம் பண்ணட்டுமா?" என்று அவர் கேட்டார். எங்கள் வீட்டில் ஜெபம் அவர் இலாகா. நான் ஆமென் மட்டும்தான்.

"நீங்க தொண்டையக் காப்பாத்துங்க. நான் பண்றேன்," என்றேன்.

பண்ணினேன். காற்றை மீறிக் கேட்க வேண்டுமே என்று கத்திப் பண்ணினேன். என்ன சொன்னேன் என்று பாதி ஞாபகமில்லை. குரல் வந்தாலும் உமக்கு ஸ்தோத்திரம், வராவிட்டாலும் உமக்கு ஸ்தோத்திரம் என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. என் வாயால் அப்படி ஒன்று வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. முடித்ததும் போனிலிருந்து ஒரு ஆமென், நாத்தனாரிடமிருந்து ஒரு ஆமென். வாக்கி-டாக்கியின் பொத்தானை என் முழங்கை அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது. கீழேயிருந்து கொக்கியும் ஒரு ஆமென் போட்டார்.

நாலரைக்கு இறங்கி, தலை காகக்கூடு மாதிரி கலைந்து நான் போய்ச் சேர்ந்தபோது ஆபரேஷன் முடிந்திருந்தது. கட்டியை எடுத்தாயிற்று. "நரம்ப விட்டு வச்சிருக்கோம். வேலை செய்யுதான்னு இப்பச் சொல்ல முடியாது. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு நான் வந்து பேச வைக்கிறேன். அதுவரை அவர் வாயத் திறக்கக் கூடாது," என்றார் டாக்டர். மயக்கத்திலிருந்த அவர் கையைத் தொட்டேன். கட்டில் பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். ராத்திரி நாத்தனார் கொடுத்த போர்வையைப் போர்த்திக்கொண்டு ஒரே ஒரு வரி ஜெபம் பண்ணினேன்.

கன்னத்தில் ஏதோ குத்தியது. கண்ணைத் திறந்தால், ஜன்னலில் வெயில். மணி ஏழரை. இவர் விரலால் என்னைக் குத்திக்கொண்டிருந்தார். பத்து மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருக்கிறேன், அதுவும் அந்த நாற்காலியில், வாயைப் பிளந்துகொண்டு.

"பேசாதீங்க, டாக்டர் இன்னும்..." என்று நான் பதறி எழுவதற்குள் அவர் வாயைத் திறந்துவிட்டார்.

"எப்படித்தான்," என்று நிறுத்தி, எச்சில் விழுங்கி, "தூக்கம் வருது உனக்கு?"

கரகரவென்று, மழையில் நனைந்த ஒலிபெருக்கி மாதிரி. ஆனால் அவர் குரல். அவரே, அவரேதான். நான் போட்ட ஸ்தோத்திரத்தில் வார்டு முழுக்க விழித்துக்கொண்டது. "யாரு அவரப் பேச விட்டது?" என்று நர்ஸ் ஓடி வந்தாள். இவர் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. புருவத்தைத் தூக்கி, பதில் எங்கே என்பதுபோல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜெபம் பண்ணிட்டேன்ல," என்றேன்.